மலையிலிருந்து வந்த மைலாஞ்சி

காட்டை எரித்துப் பயிர் வைத்துவிட்டு மனிதர்கள் கைவிட்டுப் போன நிலத்தில், யாரும் நடாமலே காடு திரும்ப வந்துவிடுமாம். கல்லூரியில் படிக்கிற என் பேரன் இதைச் சொன்னபோது அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அவனுக்கு மரம் என்றால் உயிர். நானும் தலையாட்டி வைத்தேன். காடு திரும்பி வந்ததை எட்டு வயதிலேயே பார்த்தவள் நான். எனக்கு அது பிடிக்கவில்லை.

நாங்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் குடியிருந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். அத்தாவுக்குப் புல்தைல வியாபாரம். எலுமிச்சைப் புல்லைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெயை மலையடிவாரச் சந்தையில் வாங்கிவந்து எங்கள் ஊர்ச் சரக்குக் கிட்டங்கிகளுக்குக் கொடுப்பார். எங்கள் வீட்டுத் தலையணையில், ஏன், சோற்றில்கூட அந்த வாசனை அடிக்கும்.

நான் பிறப்பதற்கு முன்னால் அவரே மலையில் புல் வளர்த்தவர். ஒரு சரிவைக் குத்தகைக்குப் பிடித்து, காட்டை வெட்டித் தீ வைத்து, சாம்பலில் புல் நட்டு, பாறையோரம் கல்லடுப்புக் கட்டிக் காய்ச்சியிருக்கிறார். அம்மாவும் என் அண்ணனும் அவரோடு குடிசையில் இருந்தார்கள். அண்ணனை நான் பார்த்ததில்லை. ஐந்து வயதில் மலைக்காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. அடைமழை. மையத்தாகிவிட்ட பிள்ளையைக் கீழே பள்ளிவாசல் வரை தூக்கிப்போக வழியில்லை. அத்தாவின் வெள்ளை வேட்டியையே கஃபனாக்கி, அடுப்புக்குக் கீழே அந்தச் சரிவிலேயே அடக்கினார்கள். தலைமாட்டில் அம்மா ஒரு மைலாஞ்சிக் கம்பை ஊன்றினாள். மருதாணியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கபரில் அதை நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்போது சுற்றிலும் கரிந்த அடிக்கட்டைகளும் புல்லும்தான். ஒரு செடி நின்றால் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் என்று நினைத்திருப்பார்கள்.

சில மழைக்காலங்களில் மண் கரைந்து, புல் இளைத்து, எண்ணெய் வற்றியது. நிலத்தை அப்படியே போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டார்கள்.

அதன்பின் ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் முன்னால், சந்தைக்குப் போகும் அத்தா மேலே ஏறிக் கபரைப் பார்த்துவிட்டு வருவார். வரும்போது ஈரத்துணியில் ஒரு பிடி மைலாஞ்சி இலை இருக்கும். அம்மா அதை முகத்தில் ஒற்றிக்கொள்வாள். பிறகு அரைத்து என் கையில் இடுவாள். தன் கையில் ஒருநாளும் இட்டுக்கொண்டதில்லை. கபர்ச் செடியைப் பறிக்கலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, “எம் புள்ள தங்கச்சிக்குக் குடுத்து விடுறான், ஒங்களுக்கு என்ன?” என்று ஒரே போடாகப் போட்டாள். எனக்கு அண்ணன் என்றால் உள்ளங்கைச் சிவப்புத்தான்.

தானும் வருகிறேன் என்று அம்மா எத்தனை முறை கெஞ்சினாலும் அத்தா மசியமாட்டார். “பொம்பளைங்க ஏற முடியாது. நான் போயிட்டு வர்றேன்ல, அது போதாதா?” என்பார்.

எனக்கு எட்டு வயது நடந்த வருஷம், பெருநாள் முடிந்த கையோடு அத்தா தூத்துக்குடிக்கு வியாபாரமாகப் போனார். அந்த நேரம் பார்த்து மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி, அண்ணனுக்குக் குழி வெட்டியவர் அவர்தான். அதற்குப் பிறகு பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டிருந்தார். அம்மா அவரை உட்காரக்கூட விடவில்லை. மறுநாள் விடிந்ததும் மூவரும் போட் ஏறி எர்ணாகுளம், அங்கிருந்து தொடுபுழை பஸ், அப்புறம் ஒரு ஜீப். எனக்குத் திருவிழாவுக்குப் போகிற குதூகலம்.

அடிவாரத்தில் சாயா குடிக்கும்போது எங்கே போகிறோம் என்று கடைக்காரர் விசாரித்தார். “அவிடெ வழியொந்நும் இல்லா, உம்மா. ஒக்கெ காடாயிப்போயி,” என்றார், எல்லாம் காடாகிவிட்டதாம். அம்மா சிரித்தாள். தன் வீட்டுக்காரர் வருஷா வருஷம் போய்வருகிற வழி என்று பெருமையாகச் சொன்னாள். கடைக்காரர் கிளாசைக் கழுவப் போனார்.

முதலில் ஆள் உயரப் புதர். கம்யூனிஸ்ட் பச்சை என்றார் மாமா. கட்சி பரவிய வேகத்தில் பரவியதால் வந்த பெயராம். அதை வெட்டிக்கொண்டு உள்ளே போனால் வட்டக்கண்ணி மரங்கள், குடை மாதிரி இலைகளோடு நெருக்கியடித்து நின்றன. கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. நடுப்பகலிலும் இருட்டு. அட்டை காலில் ஏறியது. என் குதூகலம் அழுகையாகிவிட்டது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாறையை மாமா கண்டுபிடித்தார். கல்லடுப்பும் இருந்தது. அதன் வாயிலிருந்தே ஒரு மரம் கிளம்பி, கற்களைப் பிளந்துகொண்டு நின்றது. அம்மா அதற்குக் கீழே சரிவில் உட்கார்ந்து, மக்கிய இலைகளைக் கையால் விலக்க ஆரம்பித்தாள். இலைக்கு அடியில் வேர், வேருக்கு அடியில் மறுபடி வேர். கபருக்கு அடையாளமாக நட்ட மீசான் கல் தட்டுப்படவில்லை. மைலாஞ்சி மருந்துக்கும் இல்லை. ஒவ்வொரு மரத்தடியாக நகர்ந்து தேடினாள். நகக்கண்ணில் ரத்தம் வந்தது.

மாமா அரிவாளோடு அண்ணாந்து பார்த்தபடி நின்றார். “பத்து வருஷமா மனுசன் கால் படாத எடம்க்கா இது. மச்சான் எப்புடி உள்ள வந்தாரு?”

அம்மாவின் கை நின்றது.

எனக்கு அம்மாவைச் சமாதானப்படுத்த வேண்டும்போல் இருந்தது. கிட்டே போய், பெருநாள் சிவப்பு இன்னும் மங்காத என் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். “இது இங்கேயிருந்துதானேம்மா வந்துச்சு? நல்லாத் தேடுங்க.”

அம்மா அந்தக் கையைப் பிடித்து உற்றுப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள். “மைலாஞ்சிக்கு வெயில் வேணும்டி,” என்றாள். என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தத்தைப் போல ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை. மரத்திலிருந்த பறவைகளெல்லாம் கிளம்பிப் போயின.

திரும்பும்போது போட்டில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “நாம வந்தத அத்தாட்ட சொல்லக் கூடாது.”

அடுத்த பெருநாளுக்கு முந்தின மாலை, அத்தா ஈரத்துணிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். இன்றைக்கு வீடு இரண்டாகப் போகிறது என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“செடி எப்புடி இருக்கு?” என்று கேட்டாள் அம்மா.

“தழைச்சுக் கெடக்கு. என் தோளுக்கு வந்திருச்சு.”

“இருந்தா அவனும் அந்த ஒசரம் இருப்பான்.”

அத்தா குனிந்து செருப்பைக் கழற்றினார். கழற்றி முடிக்க வெகுநேரமானது.

அம்மா இலையை முகத்தில் ஒற்றிக்கொண்டாள். அம்மியில் வைத்து அரைத்தாள். எனக்கு இட்டாள். மிச்சத்தைத் தன் இடது உள்ளங்கையில் வைத்து, முதல் தடவையாகத் தனக்கும் இட்டுக்கொண்டாள். அத்தா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மலையில் பார்த்ததை அம்மா மறந்துவிட்டாள் என்றுதான் அந்த வயதில் நான் நினைத்தேன். அவ்வளவு பெரிய காட்டை ஒரு ஆள் எப்படி மறக்க முடியும் என்று அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அன்றிரவு, எங்கிருந்தோ வந்த அந்த மைலாஞ்சியைக் கழுவாமல் தூங்கவே பிடிக்கவில்லை எனக்கு.