ஒமொண்டியிடம் மறைத்த ஐந்து வாரங்கள்

ஒமொண்டி இறந்த செய்தி மவுண்ட் வெல்லிங்டனில் நான் வேலை செய்யும் களஞ்சியத்துக்குத் தொலைபேசியில் வந்தது. விடுமுறை வேலைக்குச் சைக்கிளில் போனவனை, சந்தியில் திரும்பிய லொறி ஒன்று அடித்துவிட்டது. வயது இருபத்தாறு. வேலைப் படிவத்தில் உறவினர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தானாம். அன்பினால் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த நியூசிலாந்தில் எழுதுவதற்கு அவனுக்கு வேறு பெயர் இருக்கவில்லை.

கென்யாவின் ஏரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து பொறியியல் படிக்க வந்தவன். இரண்டு வருடம் பாபடோயிட்டோயில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தான். பொங்கலுக்கு இங்குள்ள தமிழர் நாம் வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தில் பெரிய சமையல் கிடாரங்களைத் தேய்த்துக் கழுவிய நெடிய பிள்ளை என்றால் உங்களில் பலருக்கு முகம் நினைவு வரும். எங்களிடம் வருமுன் ஏழு இடத்தில் அறை கேட்டிருக்கிறான். தொலைபேசியில் இருந்த அறை, அவன் வாசலில் போய் நின்றதும் இல்லாமல் போய்விடுமாம். இதையெல்லாம் ஊருக்கு எழுதினாயா என்று கேட்டேன். "இங்குள்ளவர்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள் என்று எழுதினேன். அது பொய் இல்லையே" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு தாய்க்குக் கடிதம் எழுதுவான். ஒருநாள் பேனையை வைத்துவிட்டுச் சொன்னான்: "வீட்டிலிருந்து எனக்கு நல்லதை மட்டும் எழுதுகிறார்கள். நானும் நல்லதை மட்டும் எழுதுகிறேன். இன்னும் கொஞ்சக் காலம் போனால் என் அம்மாவுக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவரைத் தெரியாது." நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பரீட்சை முடிய ஐந்து வாரம் இருக்கும்போது அவனுடைய அண்ணனிடமிருந்து என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. தாய் இறந்துவிட்டார், அடக்கமும் முடிந்தது, பரீட்சை முடியும்வரை தம்பியிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டிருந்தார். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்குப் பரீட்சை என்று வந்தால் சாவும் வாசலில் காத்து நிற்க வேண்டும். என் தகப்பன் இறந்ததையும் எனக்கு அப்படித்தான் பிந்திச் சொன்னார்கள். நான் பாஸ் பண்ணினேன், சொன்னவர்களுக்கு நன்றியும் சொன்னேன். என் மனைவி மட்டும் ஒருமுறை, "அவன்ர தாயெல்லோ. நாங்கள் ஆர் அதை ஒளிச்சு வைக்க?" என்று கேட்டாள். சோதினை முடியட்டும் என்று அவள் வாயை அடைத்தேன்.

அந்த ஐந்து வாரத்தில் அவன் தாய்க்கு ஐந்து கடிதம் எழுதினான். வேலைக்குப் போகும் வழியில் போட்டுவிடுங்கள் என்று என்னிடம் தருவான். நான் ஐந்தையும் தபாலில் போட்டேன்.

கடைசிப் பரீட்சை முடிந்த மாலை சொன்னேன். அவன் அழவில்லை. குளியலறைக்குப் போய், என் சவரக்கத்தியால் தலையை மழித்துக்கொண்டு வந்து நின்றான். காதுக்குப் பின்னால் இரத்தம் கசிந்தது. தாய் இறந்தால் அவர்கள் ஊரில் பிள்ளைகள் மொட்டையடிப்பார்களாம். உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டான். எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றேன்.

"அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும்," என்றான். "ஒரு வெள்ளைக்காரன் இதைச் செய்திருந்தால், தெரியாமல் செய்தான் என்று விட்டிருப்பேன்."

அடுத்த கிழமையே மங்கரேயில் ஓர் அறைக்குப் போய்விட்டான். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். வாசலிலேயே நின்று நாலு வார்த்தை பேசி அனுப்பினான். மூன்றாம் முறை போவதற்குள் அந்தத் தொலைபேசி வந்துவிட்டது. அவனை அடக்கம் செய்த பிறகு பரீட்சை முடிவு எங்கள் வீட்டு விலாசத்துக்கு வந்தது. எல்லாப் பாடத்திலும் நல்ல புள்ளியோடு சித்தி. அந்தத் தாளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

செத்தவீட்டில் உங்களில் சிலர், நல்லதுக்குத்தானே செய்தனீங்கள் என்று எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். தயவுசெய்து இனி யாரும் அதைச் சொல்ல வேண்டாம். அவன் என்னை மன்னிக்கவில்லை. அவனுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கோபம் ஒன்றுதான். அது நியாயமான கோபம். அதையே வைத்துக்கொள்கிறேன்.

அவன் இறந்ததை அண்ணனுக்கு எழுதியிருந்தேன். பதில் வந்திருக்கிறது. தகப்பனுக்கு நெஞ்சு வருத்தம், அதிர்ச்சி தாங்கமாட்டார் என்று அவரிடம் சொல்லவில்லை என்கிறார். பெரியவருக்கு வாசிக்கத் தெரியாதாம். ஆனால் நியூசிலாந்து முத்திரையோடு உறை வராவிட்டால் கேட்பாராம். ஆகவே மாதம் ஒரு கடிதம், தம்பி எழுதுவதுபோல எழுதி அனுப்புங்கள் என்று கேட்கிறார். மாட்டேன் என்று அண்ணனுக்கு எழுதினேன். பெரியவரின் பெயருக்கே தனியாக இன்னொரு கடிதம் எழுதினேன். உங்கள் மகன் இறந்துவிட்டான், அவனை இங்கே அடக்கம் செய்தோம், தாயின் சாவை அவனிடம் மறைத்தவன் நான் என்று ஒன்றையும் ஒளிக்காமல் எழுதினேன். நேற்றுத் தபாலில் போட்டேன். அதை அவருக்கு வாசித்துக் காட்டப்போவது அந்த அண்ணன்தான்.