உப்பு தின்ற சைக்கிள்

"குடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

என் அக்காவின் புருஷன் என் முகத்துக்கு நேராகச் சொன்ன வாக்கியம் இது. ஒன்றரை வருஷம் இதை வெற்றிலைக் காம்பு மாதிரி கடைவாயில் அடக்கி வைத்திருந்தேன். துப்பவும் மனசு வரவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

நயா பைசா வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். மாமா பச்சைத்தோல் தரகர். ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தோல் வாங்கி, கெட்டுப்போகாமல் இருக்க உப்பு தடவி, ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் கொண்டுவந்து போடுவார். நான் அப்படியொரு ஷாப்பில் தரம் பிரிப்பவன். பதனிட்ட தோலை என் மேஜைமேல் விரிப்பார்கள். உள்ளங்கையால் ஒரு தடவு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பார்வை. உண்ணி கடித்த புள்ளி, வேலிமுள் கிழித்த கோடு, சூடு போட்ட தழும்பு, உரித்தவன் கத்தி நழுவிய இடம், உப்பு அரித்த திட்டு. ஃபஸ்ட், செகண்ட், தேர்ட், ரிஜெக்‌ஷன். நான் சொன்னால் சொன்னதுதான், முதலாளிகூட மறுபேச்சுப் பேசமாட்டார். அந்தக் கண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் மாமா பொய் சொன்னார்.

சைக்கிள் சீமையில் செய்தது. கறுப்பு உடம்பில் நூல் மாதிரி ஒரு தங்கக் கோடு. கல்யாணத்துக்கு முன்னால் விடியலில் ஆம்பூரில் ஏறினால், புளியமர நிழலிலேயே வேலூர்க் கோட்டை வரைக்கும் போய்விடுவேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இருக்காது. அகழித் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பி விடுவேன். அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், ஷிஃப்ட்டு. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஷாப்பு. சைக்கிள் சுவரோரம் நின்றுவிட்டது. அதனால்தான் மாமா வந்து கேட்டபோது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"நாலே நாளு மச்சான். என் வண்டி ஃபோர்க் ஒடைஞ்சு கெடக்குது. உன்னுது சும்மாதானே நிக்குது?"

நாலு நாள், எட்டு மாதம் ஆனது. ஒரு சாயங்காலம் ஷாப்பிலிருந்து வந்தால், வாசலில் சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. கொண்டுவந்து விட்டவர் வீட்டுக்குள் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து அதை ஒரு தோலைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். முன்பாதி நன்றாகத்தான் இருந்தது, தங்கக் கோடுகூட மங்கவில்லை. பின்பாதியைத்தான் துரு தின்றிருந்தது. கேரியர் கம்பிகள் செதில் செதிலாக உரிந்து வந்தன. கேரியரிலிருந்து ஈரம் சொட்டும் வழியெங்கும் மட்கார்டில் ஓட்டை. செயின் ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

மறுநாளே மனைவியோடு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"மாமா, வண்டியில உப்புத்தோல் ஏத்தினீங்களா?"

"இன்னாடா பேசற? ஒரு ஆட்டுத்தோலுகூட ஏத்தல. குடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

அக்கா தலை நிமிராமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது என் மனைவி சொன்னாள்: "செத்த மாட்டைப் பாத்து எல்லாம் சொல்லத் தெரியுது. உயிரோட இருக்கற மனுசனைப் பாத்துச் சொல்லத் தெரியலயே உங்களுக்கு."

எனக்குப் புது சைக்கிள் வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம். "நான்தான் கெடுத்தேன்" என்று அந்த வாய் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவர் சொல்லாத ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் சைக்கிளைப் பிரித்தேன். எங்கள் ஷாப்புக்கு வெள்ளிதான் லீவு. பின்கட்டில் கோணியை விரித்து, உடம்பு வேறு எலும்பு வேறாக அதைப் பரப்புவேன். செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கண்ணி கண்ணியாகத் தேய்த்தேன். பின்சக்கரத்தின் நாற்பது ஸ்போக்கையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகக் கோத்தேன். கோணிக்கொண்டே போனது. மறுபடி அவிழ்த்தேன், மறுபடி கோத்தேன். மட்கார்டு இரண்டும் போச்சு, செயின் கவரும் போச்சு. அவை போன பிறகு வண்டி பட்டினி கிடந்த குதிரை மாதிரி மெலிந்து அழகாயிற்று. அந்த அழகைப் பார்த்து ஆசை வந்து, ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினேன், பந்தயக்காரர்கள் பூட்டுவதுபோல. நானே ரிஜெக்‌ஷன் என்று ஒதுக்கிய எருமைத்தோல் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, நனைத்து இழுத்து, சீட்டுக்குப் போர்த்தினேன்.

கேரியரைக் கழற்றிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். குற்றம் நடந்த இடம் அதுதான். சுரண்டி, தேய்த்து, இனி ஜென்மத்துக்கும் துரு அண்டக்கூடாதென்று ஷாப்பில் மிஷின் ஷாஃப்ட்டுக்குப் போடும் கறுப்புக் கிரீஸை அதன் கம்பிகளில் பட்டையாக அப்பினேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கடைசியாக ஓட்டிப் பத்து வருஷம் கழித்து, ஏறினேன்.

முதல் மைல் முழுக்க மாமாவைத்தான் மிதித்தேன். இடது பெடலுக்கு 'குடுக்கும்போதே', வலது பெடலுக்கு 'அப்படித்தான்'. இரண்டாவது மைலில் மூச்சு வாங்கியது, தொடை எரிந்தது. மூன்றாவது மைலில் என்னவோ ஆயிற்று. பாலாற்று மணலைத் தொட்டு வந்த காற்று சட்டைக்குள் புகுந்து முதுகுப் பக்கம் வெளியேறியது. ஷாப்புகளின் சுண்ணாம்பு நாற்றம் பின்னால் தங்கிவிட்டது. புளியமர நிழலும் வெயிலும் நிழலும் வெயிலும் என் கைகள்மேல் ஓடின. குனிந்த முதுகோடு, திறந்த வாயோடு, முப்பத்தெட்டு வயதில், கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. எதிரே வந்த வண்டிக்காரர் மாட்டை ஓரம் கட்டிவிட்டு, "இன்னா சாமி, பிரேக் இல்லையா?" என்றார். இருந்தது. பிடிக்கத்தான் மனமில்லை.

அந்த இன்பத்தில் கோபம் கரைந்துபோயிற்று என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். கரையவில்லை. வீட்டுக்கு வந்து வண்டியைத் துடைக்கும்போது கேரியர் கையில் தட்டுப்படும். இவ்வளவு சுகத்தையும் எட்டு மாசம் உப்பில் ஊற வைத்தானே என்று கோபம் இன்னும் ஒரு சுற்றுப் பெருக்கும்.

இப்படி வெள்ளிதோறும் போய்க்கொண்டிருந்தபோது ஒரு காலை, மாதனூருக்கு நாலு மைல் முன்னால் ஒரு பஸ் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றிருந்தது. ஜனங்கள் மரத்தடியில். அவர்கள் நடுவே வெள்ளை வேட்டி சட்டையில் கொக்கு மாதிரி ஒருவர். மாமா.

மாதனூரில் அன்று தோல் தரகர்கள் கூட்டம். மாமாவைத் தலைவராக்குகிறார்கள் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்.

"மச்சான்! தெய்வம் மாதிரி வந்தடா. பத்து மணிக்குக் கூட்டம். ஜும்மாவுக்கு முன்னாடி முடிச்சிடணும்னு பாய்ங்க சொல்லிட்டாங்க. ஏத்திக்கினு போடா."

கேரியரைக் குனிந்து பார்த்தார். கிரீஸ்மேல் சாலைத் தூசி படிந்து, பழைய பெயின்ட் மாதிரி இருந்தது.

"சுத்தமா இருக்குதா?"

"துரு ஒரு பொட்டு இல்ல மாமா."

உண்மைதான். சீட்டுக்கடியில் துடைக்கிற துணி இருந்தது என்பதும் உண்மை. அதை எடுக்க என் கை போகவில்லை. அந்தக் கையை நான் கேள்வி கேட்கவுமில்லை.

நாலு மைல் மிதித்தேன். வாழ்நாளில் அப்படி மிதித்ததில்லை. மேடு வந்தால் எழுந்து நின்று மிதித்தேன், பள்ளம் கண்டால் தேடிப் போய் அதில் இறக்கினேன்.

"பேஜார் பண்ணாதடா! மெதுவா!"

"மாமா, ஒண்ணு கேக்கணும். வண்டியை யாரு கெடுத்தது?"

"இன்னும் அதையே புடிச்சிக்கினு இருக்கியா? குடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு!"

சரி என்றேன். கல் பெயர்ந்த இடமாகப் பார்த்துப் போனேன்.

தோப்புக்குள் பந்தல். இரண்டு பக்கமும் ஜனங்கள் உட்கார்ந்திருக்க, நடுவே மேடைக்கு நீளமான பாதை. மாமா இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டு, அந்தப் பாதையில் நடந்தார். நான் சைக்கிளைப் பிடித்தபடி பந்தல் வாசலில் நின்றேன். முதுகுக்குக் கீழே, பால் மாதிரி வேட்டியில், குறுக்காக மூன்று கறுப்புப் பட்டைகள். அவர் தாண்டிப் போகப் போக வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. கடைசி வரிசையில் யாரோ, "தலைவரு மேல முத்திரை குத்தி அனுப்பியிருக்காங்கப்பா" என்றார். பந்தல் சிரித்தது. தனக்குத்தான் வரவேற்பு என்று மாமா கும்பிட்டபடியே போனார்.

மேடையில் யாரோ காதில் சொல்லியிருக்க வேண்டும். மாலையைக் கழற்றி, அதையே பின்பக்கம் பிடித்து மறைத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.

"இன்னாடா பண்ணி வெச்ச?"

"ஏறும்போதே அப்படித்தான் இருந்துச்சு மாமா."

"பொய் சொல்லாத! உங்க அக்கா கஞ்சி போட்டு, நீலம் போட்டு, காலையிலதான் எடுத்துக் குடுத்தா. ஏறும்போது பளிச்சின்னு இருந்துச்சுடா!"

"என் வண்டியும்தான்."

மாமா கேரியரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதடு இரண்டு தரம் அசைந்து நின்றது. மூன்றாவது தரம், எங்கோ பந்தல் காலைப் பார்த்துக்கொண்டு, "உப்புதானேடா அது" என்றார்.

ஒன்றரை வருஷம் காத்திருந்த வாக்கியம். நான் கேட்ட மாதிரி வரவில்லை, ஆனாலும் வந்துவிட்டது.

"இதுவும் கிரீஸ்தானே மாமா" என்றேன்.

"நான் எப்படிடா திரும்பிப் போறது?"

"பஸ் வரும்."

ஏறி மிதித்தேன். கேரியர் காலி. வண்டி காற்றில் மிதந்தது. ஆம்பூர் ஷாப்புகளின் புகைக்குழாய்கள் தெரியும்வரை ஹேண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டு கையும் விரித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் அக்கா வந்தாள். மண்ணெண்ணெய் போட்டும் கறை போகவில்லையாம். சொல்லும்போது அவள் சிரித்த மாதிரிதான் எனக்குப் பட்டது. அவள் போன பிறகு பின்கட்டுக்குப் போய்க் கேரியரைத் தடவிப் பார்த்தேன். மாமா உட்கார்ந்து எடுத்துக்கொண்டு போன இடங்களில் மட்டும் கம்பி வெளியே தெரிந்தது.

அங்கெல்லாம் புதுக் கிரீஸ் பூசினேன். போன தடவையைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே.