நான் நிரப்பிய நாடு

ஆண்டவருக்குப் பிரியமானவர்களே, போன ஜூன் மாதம் வாசல் மணி அடித்தாலே ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பேன். போலீஸ் என்று நினைப்பேன். நான் இந்தக் கன்னட ஊரில், காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி, பள்ளிக்கூட டீச்சர். போலீஸ் ஸ்டேஷன் படிகூட ஏறியதில்லை. எதற்குப் பயந்தேன் என்று வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

எங்கள் மாடியில் ஒலேனா என்ற உக்ரைன் பெண் குடியிருக்கிறாள். ஒன்பது வயது மகள் சோனியா. போரில் வீட்டை இழந்து, இரண்டு நாடுகள் அலைந்து, இங்கே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து வந்தவள். வெளிநாட்டார் குடிவந்தால் வீட்டுக்காரர்தான் அரசாங்கத்துக்கு ஆன்லைனில் படிவம் அனுப்ப வேண்டும். நான்தான் நிரப்பினேன். சொந்த ஊர் மரியுபோல் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அது எந்த நாடு என்று அடுத்த கட்டம் கேட்டது. அந்த ஊர் இப்போது ரஷ்யாவின் கையில் என்று நியூஸில் பார்த்திருந்தேன். வீட்டில் பேசுவது ரஷ்ய மொழி என்று அவளே சொல்லியிருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெரிய மேதாவி நான், 'ரஷ்யா' என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து அவள் விசா நீட்டிப்புக்குப் போனபோது அது வெளியே வந்தது. பாஸ்போர்ட்டில் ஒரு நாடு, படிவத்தில் இன்னொரு நாடு. விளக்கம் வரும்வரை நீட்டிப்பு இல்லை என்றார்கள். விசா முடியப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்துக்கொண்டு ஒலேனா மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். "எங்க போவேன் அக்கா?" என்றாள். அவள் பேசுவது ஆங்கிலம், அக்கா மட்டும் தமிழ்.

என் கணவர் பயந்துவிட்டார். "வாய மூடிக்கிட்டு இரு. நீதான் எழுதினேன்னு சொன்னா நம்ம மேலதான் கேஸ் வரும்."

நான் மூன்று நாள் உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் இதைச் சரிபண்ணிவிடும்" என்று கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் முழங்கால் போட்டால் வார்த்தையே வரவில்லை. நிரப்பினது யார் என்ற கேள்விதான் நெஞ்சில் நின்றது. குரல் கேட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். எழுந்து மாடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முகம் வெளுத்தது.

"எங்கம்மாவ அங்கதான் புதைச்சிருக்கு. அது எந்த நாட்டு மண்ணுன்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்களா? ரஷ்ய பாஷை பேசினா நான் ரஷ்யாக்காரியா? நீங்க கன்னடம் பேசுறீங்களே, நீங்க யாரு?"

காவிரித் தகராறு நாட்களில் வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் ஒளித்த குடும்பம் எங்களுடையது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் என் தவறு என்று கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவளோடு ஆபீசுக்குப் போனேன். ஆட்டோவில் அவள் வெளிப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எழுதியது யார் என்று அதிகாரி அம்மாள் கன்னடத்தில் கேட்டார். "நானே மேடம். தப்பு நந்தே" என்று கன்னடத்திலேயே என் தவறை ஒப்புக்கொண்டேன். கடிதத்தை மேஜைமேல் வைத்தேன். அவர் ஒலேனாவிடம் திரும்பி, உங்கள் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டார்.

"உக்ரைன். துப்பாக்கியோட வேற ஆளுங்க உள்ள இருக்காங்க. ஊர் உக்ரைன்தான்."

அதிகாரி என் கடிதத்தை ஃபைலில் சேர்த்தார். பிறகு புதிய படிவம் அனுப்பச் சொன்னார். "இனிமேலாவது கேட்டு எழுதுங்க டீச்சர்" என்றார். அன்று லேப்டாப்பை ஒலேனா பக்கம் தள்ளினேன். நாட்டின் பெயரை அவளே நிரப்பினாள். விசா முடிய ஒரு நாள் இருக்கும்போது நீட்டிப்பு வந்தது. ஸ்தோத்திரம்!

பயம் முழுதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவள் தம்பி போர்முனையில் இருக்கிறான். இரண்டு நாள் போன் வராவிட்டால் எங்கள் வீட்டிலும் யாருக்கும் சோறு இறங்காது. இப்போது அவளும் கீழே வந்து எங்களோடு ஜெபிக்கிறாள், உக்ரைன் மொழியில். அது அவளுக்கு அவ்வளவு சரளமாக வராது. தடுமாறினால் சோனியா எடுத்துக் கொடுக்கிறாள்.

பிரியமானவர்களே, பயம் தெளிந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். என் தப்பை மறைத்துவிடும் என்று ஆண்டவரிடம் கேட்டேன். என்னையே கொண்டு அதை வெளியே சொல்ல வைத்தார். எனக்கு வந்த பதில் அதுதான். நீங்கள் எதை ஒளித்து வைத்திருக்கிறீர்களோ, நடுங்கிக்கொண்டே அதோடு அவரிடம் போங்கள். அவர் தள்ளிவிடமாட்டார்.