துரை விட்டுப்போன உழவு மெசின்

மண்ணெண்ணெயில் ஊறிய துருவின் வாசனை என் மூக்கை விட்டு இன்னும் போகவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றில், ஒரு பிஸ்கட் டின் நிறைய நட்டுகளும் ஆணிகளும் மண்ணெண்ணெயில் ஊறியபடி "காம்பரா" என்று நாங்கள் சொல்லும் ஒற்றை அறையின் மூலையில் இரண்டு மாதம் இருந்தன. ரொட்டியிலும் அந்த வாசனை, என் பள்ளிக்கூடச் சட்டையிலும் அந்த வாசனை. பக்கத்தில் உட்காரும் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள் என்று நான் வீட்டுக்கு வந்து அழுதபோது, "டிரைவர் மகள்னு நெனச்சுக்கட்டும், விடு" என்றார் அப்பா. அவர் டிரைவரும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. பங்களாவில் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற தோட்டக்காரர்.

அந்த உழவு மெசினை வெள்ளைக்காரத் துரை சீமையிலிருந்து கப்பலில் தருவித்திருந்தார். இரண்டு சக்கரம், நடுவில் ஓர் எஞ்சின், பின்னால் நீண்ட இரண்டு கைப்பிடிகள். ஓட்டுகிறவர் அவற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். பங்களாவின் காய்கறிப் பாத்திகளைத் துரை தாமே அதை வைத்து உழுவார், அப்பா பின்னால் கல் பொறுக்கிக்கொண்டு போவார். துரை ஒரேயடியாகச் சீமைக்குப் புறப்பட்டபோது அதை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது ஓட்டத்தை நிறுத்தி அப்போதே மூன்று வருடம் ஆகியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓடுகிற மெசினை யார் சும்மா கொடுப்பார்கள்? நாலு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கிவந்து மாட்டுப்பட்டியின் ஓரத்தில் இறக்கினார்கள். "முத்தையா பட்டிக்குப் பால் கறக்காத மாடு ஒண்ணு வந்திருக்கு" என்று அப்பாவைப் பார்த்து லயமே சிரித்தது. அப்பா அதைச் சாக்குப் போட்டு மூடி வைத்தார், கோழிகள் அதன்மேல் ஏறி அடைந்தன.

அதை ஓட வைத்தே தீருவது என்ற வெறி அவருக்கு வந்தது அம்மாவின் தோளால். லயத்துக்குக் கீழே ஓடையோரம் கால் ஏக்கர் சதுப்பு கிடந்தது. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்தபின் மிச்சமிருக்கும் வெளிச்சத்தில், "முள்ளு" என்று நாங்கள் சொல்லும் பல் வைத்த இரும்பால் அம்மா அதைக் கொத்திக் கொத்தி, கான் வெட்டித் தண்ணீரை வடித்து, லீக்ஸும் கரட்டும் கோவா என்கிற முட்டைக்கோசும் விளைகிற நிலமாக்கியிருந்தாள். லயம் தோட்டத்துடையது, நாங்கள் நடக்கிற பாதையும் தோட்டத்துடையது; அம்மா தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தக் கீழ்ப்பாத்தி ஒன்றுதான் இருந்தது. அந்த வருடம் மழையில் கூடையோடு சறுக்கி விழுந்ததில் அவளுடைய வலது தோள் இறங்கிவிட்டது. எப்படியோ இடது கையை வைத்துக் கொழுந்து பறித்தாள். ஆனால் "இனி முள்ளைத் தொடவே கூடாது" என்று தோட்டத்து டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கோ இழுப்பு, மழைக்காலத்தில் நாலு கொத்துக் கொத்தினால் வரப்பில் உட்கார்ந்துவிடுவார்.

இந்த நேரம் பார்த்து, புதிதாக வந்த துரையின் உத்தரவைக் கணக்கப்பிள்ளை லயத்து வாசலில் நின்று சொன்னார்: "தீவாளிக்குள்ள கொத்தாமக் கெடக்குற பாத்தியெல்லாம் வேற ஆளுக்குப் போயிடும். பின்னாடி வந்து எங்கிட்ட அழக்கூடாது."

"போனாப் போகுது, விட்டுடுங்க. காய்தானே, கடையில வாங்கிக்கலாம்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அடுப்பை ஊதக் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையிலேயே அப்பா கோழிகளை விரட்டிவிட்டுச் சாக்கை உருவினார்.

துரை எதை எப்போது திருகினார், எதைத் தட்டினார் என்று பார்த்து வைத்திருந்த ஞாபகம்தான் அவருக்கு இருந்த படிப்பு. இறுகிப்போன பிஸ்டனுக்கு மண்ணெண்ணெய் விட்டு, நாள்தோறும் காலையிலும் மாலையிலும் மரக்கட்டையால் மெல்லத் தட்டினார். பதினோராம் நாள் அது ஒரு விரற்கடை நகர்ந்தபோது ஏதோ குழந்தை குப்புற விழுந்துவிட்ட மாதிரி எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எஞ்சின் மூடிக்கு அடியில் கிழிந்துபோயிருந்த அட்டைக்குப் பதிலாகக் காலண்டர் அட்டையை எண்ணெயில் தோய்த்து வெட்டிப் போட்டார். "ஸ்டோர்" என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையின் எஞ்சின்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, நெருப்புப் பொறி விழுகிறதா என்று பார்த்துக் கொடுத்தார். ஆயுத பூசைக்கு முதல்நாள் சாயங்காலம், கயிற்றைச் சுற்றி அப்பா இழுத்த இழுப்பில் மெசின் இருமி, கறுப்புப் புகையைக் கக்கி, பிறகு படபடவென்று ஓடத் தொடங்கியது. அரைமணி நேரம் ஓடியது. சிரித்தவர்கள் எல்லோரும் வந்து நின்று பார்த்தார்கள். அப்பா யாரையும் பார்க்காமல் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்; அந்தக் கையில் துடைக்க ஒன்றுமே இல்லை.

மறுநாள் அம்மா மெசினைக் குளிப்பாட்டாத குறைதான். எலுமிச்சம்பழம், பூ, கற்பூரம் எல்லாம் ஆயிற்று. கைப்பிடிக்குப் பொட்டு, சக்கரத்துக்குப் பொட்டு, மேலே பெட்ரோல் டாங்கியின் வட்டமான பித்தளை மூடிக்கு நட்டநடுவில் பெரிய சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும். அந்த மூடிதான் அவளுக்கு நெற்றியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பாத்தியில் இறக்கினோம். ஐந்து நிமிடம் உழுதது, விக்கியது, நின்றுவிட்டது. அப்பா மூடியைத் திறந்து புதுப் பெட்ரோல் ஊற்றினார். மூடி திறக்கும்போது "உஸ்" என்று ஒரு சத்தம் வந்தது. மெசினுக்கும் களைப்பு இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். மறுபடியும் ஐந்து நிமிடம் ஓடி நின்றது. இப்படியே இரண்டு வாரம் போனது. "கண்ணு பட்டுடுச்சு. லயமே வந்து பாத்துச்சுல்ல" என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள், நாள்தோறும் காலையில் பழைய பொட்டின் மேலேயே இன்னும் கொஞ்சம் சந்தனத்தை அப்பினாள். மெசின் எவ்வளவு சண்டித்தனம் பண்ணியதோ, பொட்டும் அவ்வளவு தடித்தது.

அப்பாவுக்கோ வேறு கணிப்பு. புதுப் பெட்ரோல் ஊற்றியதும் ஓடுகிறது, பிறகு நிற்கிறது என்றால் கோளாறு பெட்ரோலில்தான். பூண்டுலோயா கடைவீதியில் நாங்கள் சாமானும் பெட்ரோலும் வாங்கும், "நானா" என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் கடைக்குப் போய், நாலு பேர் முன்னால், "தண்ணி கலந்து விக்கிறீங்க நானா. எம் பொண்டாட்டி பாத்தி போகப் போகுது" என்று கத்திவிட்டு வந்தார். வேலை நிறுத்த நாட்களில் கேட்காமலேயே அரிசி கொடுத்த மனிதர் அவர். அப்பா அப்படிக் கத்தி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த கையோடு, கடையைத் திறக்காமல், நானா ஒரு டின் பெட்ரோலைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மலையேறி வந்தார். வேட்டியெல்லாம் சேறு. அம்மா கொடுத்த பிளேன்டீயைக்கூட வாங்கவில்லை.

"முத்தையா, இது லொறிக்கு ஊத்துற டின். இதுலயும் தண்ணியா எண்டு பாத்திருவம். மெசின எடு."

மெசின் ஓடியது, நின்றது. நானா தாமே மூடியைத் திருகினார். "உஸ்" என்றது. அவர் ஊற்றப் போன டின்னைக் கீழே வைத்துவிட்டு, மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் இருந்த கோபம் மெல்லக் கலைந்தது.

"எண்ணெய் டின்னுல ஒரு ஓட்டை மட்டும் போட்டா என்ன நடக்கும் தெரியுமா? ரெண்டு சொட்டு ஊத்தும், நிண்டுரும். காத்து உள்ள போக இன்னொரு ஓட்டை வேணும். இந்த மூடியிலயும் ஒரு ஊசி ஓட்டை இருந்திருக்கு. அத அடைச்சு வச்சிருக்கீங்க." பிறகு மூடியை அப்பாவிடம் நீட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது ஒங்கட சாமிப் பொட்டு. நான் கை வைக்கமாட்டன். நீங்களே எடுங்க."

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. இரண்டு வாரத்துக்கும் மேலாக அவளே வேண்டி வேண்டி அவளுடைய நிலத்தை அடைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கே விளங்கிவிட்டது, அவளுக்கு விளங்காதா?

அப்பா மூடியை வாங்கிக்கொண்டு, "நாந்தான் வச்சேன் நானா. புத்தி கெட்டுப்போய் வச்சுட்டேன். ஒங்களையும் பேசிட்டேன்" என்றார்.

"பொய் சொல்லாதீங்க" என்றாள் அம்மா. "வச்சது நானு. அண்ணே, நாந்தான் வச்சேன்." இடது கையால் கொண்டை ஊசியை உருவி, மூடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காய்ந்த சந்தனத்தைத் துளித்துளியாகக் குத்தி எடுத்தாள். நானா இப்போது பிளேன்டீயைக் கேட்டு வாங்கிக் குடித்தார், குடிக்க முடியாமல் சிரித்தார், அப்பாவும் சிரித்தார். அப்புறம் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மெசின் நிற்கவில்லை. இரண்டு சால் உழுததும் அப்பா வரப்போரம் நிறுத்தி, "வா புள்ள, நீ புடி" என்றார்.

"தோளு இருக்கே."

"தூக்க வேணாம். அது பாட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போகும், நீ கூட நட."

அம்மா கைப்பிடியைப் பிடித்தாள். முதலில் மெசின் அவளை இழுத்தது, அப்புறம் அவள் அதற்கு ஈடுகொடுத்து நடந்தாள். மழை பிடித்துக்கொண்டது, நிறுத்தச் சொல்லி அப்பா கூப்பிட்டதை அவள் காதில் வாங்கவே இல்லை. கறுப்பு மண் புரண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அழுகை வந்தது. தீபாவளிக்கு முதல்நாள் கணக்கப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போனார்.

மெசின் அதன் பிறகும் பல வருடம் உழைத்தது. ஆயுத பூசைக்கு அதற்கு எல்லா இடத்திலும் பொட்டு உண்டு, மூடிக்கு மட்டும் கிடையாது. பிறகு இந்தியாவோடு செய்த ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களை அக்கரைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அப்பா அம்மாவுக்கு இந்தியாவுக்கான காகிதம் வந்தது. இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்த வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த நான் இங்கேயே தங்கிவிட்டேன். மெசினை நானாவின் மருமகன் எடுத்துப் போனார். அவருக்குப் பின் அது எங்கே போயிற்றோ தெரியாது. போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். மாட்டுப்பட்டி இல்லை, ஓடையைக் குழாய்க்குள் அடக்கிவிட்டார்கள், கீழ்ப்பாத்தி இருந்த இடத்தில் ஒரு விருந்தினர் விடுதியின் வாகனங்கள் நிற்கின்றன. காவலாளி நல்ல பையன், யாரைத் தேடுகிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டான். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர்கள் அக்கரைக்குப் போய் ஆறு மாதம் கழித்து வந்த கடிதத்தை நேற்று எடுத்துப் பார்த்தேன். அப்பா சொல்லச் சொல்ல யாரோ எழுதிக் கொடுத்தது. மழை குறைவு, தண்ணீருக்குத் தூரம் போக வேண்டும், மற்றபடி சுகம் என்று எழுதிவிட்டு, கடைசியில் அப்பா சொல்லியிருக்கிறார்: "உன் அம்மாவுக்கு இப்போது தோள் வலி அறவே இல்லை. கொத்துவதற்கு எங்களுக்கு இங்கே ஒரு சாண் மண் கிடையாது."