கத்தியோடு, கத்தியால்

அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தில், வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியையாக இருந்தேன். அண்ணனுக்கும் அண்ணிக்கும் அதே தோட்டத்தில்தான் வேலை. மூவரும் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் ஒரே அறையில் குடியிருந்தோம்.

அண்ணிக்கு அப்போது ஏழு மாதம். மழைக்காலத்தில் செங்குத்தான மலையில் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். கூடை நிறைந்த நேரத்தில் சறுக்கி விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தார். பக்கத்து மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்குப் பெண்கள் குரல் கொடுத்தார்கள். செடியை நறுக்கும் வளைந்த கத்தியைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் அவர் ஓடிவந்தார்.

மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அங்கேதான் நின்றிருந்தார்.

“லொறியக் குடுங்க கண்டாக்கையா. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம்” என்றார் அண்ணன்.

“அது கொழுந்து ஏத்துற லொறி. நிறுவை முடியட்டும்.”

“அதுக்குள்ள புள்ளத்தாச்சிக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நீங்க பதில் சொல்லுவீங்களா?”

கண்டாக்கு தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணியைக் கம்பளியில் போட்டு நான்கு பேர் ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். பஸ்ஸில்தான் டிக்கோயாவுக்குப் போனார். தாயும் வயிற்றுப் பிள்ளையும் தப்பியது அந்த ஆஸ்பத்திரி டாக்டரின் புண்ணியம்.

பத்து நாள் கழித்து, கண்டாக்கைக் கத்தியைக் காட்டி மிரட்டியதாகச் சொல்லி அண்ணனை ஆபிசுக்கு அழைத்தார்கள். துரை கேட்கக் கேட்க, பெரிய கிளாக்கர் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பினார். “உள்ளதச் சொல்லிட்டேன். கத்தியோடதான் போனேன், கவ்வாத்துல இருந்து ஓடியாந்தேன்னு சொன்னேன். பொய் சொல்ல என்ன இருக்கு?” என்றார்.

அடுத்த வாரம் தமிழில் ஒரு கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். ‘கத்தியால் மிரட்டியதை நீரே ஒப்புக்கொண்டபடியால்’ வேலை நிறுத்தப்படுகிறது. இரண்டு கிழமைக்குள் ‘நிர்வாகத்தினுடைய அறையை’ விட வேண்டும். ‘தோட்டத்தினுடைய கத்தியை’ ஒப்படைக்க வேண்டும். இவை யாவும் ‘உம்முடைய குற்றத்தின்’ பலன். பிறந்து வளர்ந்த அறை அவர்களுடையது, கையைக் காய்த்துப் போகச் செய்த கத்தி அவர்களுடையது. எங்களுடையது என்று இந்த மலையில் அவர்கள் விட்டு வைத்தது குற்றம் ஒன்றுதான்!

கடிதத்தோடு நேராக ஆபிசுக்குப் போனேன்.

“ஐயா, எங்கண்ணன் ‘கத்தியோட’ன்னு சொன்னாரு. இதுல ‘கத்தியால்’னு இருக்கு.”

பெரிய கிளாக்கர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ‘வித்’துதான் டீச்சர். நான் அதைத்தான் எழுதினேன். திரும்பத் தமிழாக்குறப்போ அப்படி வந்திருக்கும்.”

“தமிழாக்குனது யாருங்க?”

“நான்தான்.”

“அண்ணன் சொன்னத உங்க காதால கேட்டீங்கதானே?”

“ஒரு எழுத்துக்கு இவ்வளவு சண்டையா?” என்றார் அவர்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் மூன்றாம் வேற்றுமை நடத்துகிறேன். ஆல் கருவியைச் சொல்லும், ஓடு உடனிருப்பதைச் சொல்லும் என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்குகிறது. கம்பால் அடித்தான், கம்போடு போனான் என்று தானாகவே உதாரணம் சொல்கிறது. தமிழ் படித்து, தமிழ் பேசி, தமிழ்ச் சனத்தின் வயிற்றில் கைவைக்கும் இவருக்கு அது ஓர் எழுத்து.

அண்ணனும் அண்ணியும் லிந்துலையில் அண்ணியின் தாய்வீட்டு லயத்துக்குப் போனார்கள். நான் இன்னோர் ஆசிரியையின் அறையில் ஒண்டிக்கொண்டேன். தொழிற்சங்கம் வழக்கை எடுத்தது. ஹட்டனில் நடந்த விசாரணைக்கு, கடிதத்தை விளக்க என்னையும் கூப்பிட்டார்கள். அதிகாரி சிங்களவர். ஒரு முஸ்லிம் பெரியவர் மொழிபெயர்த்தார்.

“கத்தி கையில் இருந்தது உண்மைதானே?” என்று என்னிடம் கேட்டார்கள்.

“இருந்திச்சுங்க. நான் இன்னிக்குக் குடையோட வந்திருக்கேன். குடையால யாரையும் அடிக்கலைங்க.”

மொழிபெயர்ப்பவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி பேனாவை வைத்தார். சிங்களத்தில் “பிஹியென்” என்றால் கத்தியால், “பிஹிய அரன்” என்றால் கத்தியை எடுத்துக்கொண்டு. ஆபிசில் சொன்னது இதில் எது என்று அதிகாரி அண்ணனையே கேட்டார். அண்ணனுக்கு அந்தச் சிங்களம் தெரியும். மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் “பிஹிய அரன் மஹத்தயா” என்றார். அன்று மலையில் நின்ற பெண்களில் இரண்டு பேர் வந்து, கத்தி ஓங்கப்படவே இல்லை என்று சொன்னார்கள்.

மூன்று மாதத்தில் வேலை திரும்பக் கிடைத்தது. லயத்தில் வேறோர் அறை கொடுத்தார்கள். ஆனால் தோட்டத்திலிருந்து வந்த கடிதம், ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ அண்ணனை மீண்டும் சேர்ப்பதாகச் சொன்னது. என்ன சந்தேகம்? யாருக்குச் சந்தேகம்? பழைய வாக்குமூலத்தைத் திருத்தும்படி இன்னொரு முறை ஆபிசுக்குப் போனேன். கோப்பில் கைவைக்க முடியாது என்றார் பெரிய கிளாக்கர்.

“விடு புள்ள, வேலை கெடச்சிச்சில்ல” என்றார் அண்ணன். அவர் மடியில் பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவரால் விட முடிந்தது. பெரிய கிளாக்கர் மாற்றலாகிப் போகும்வரை பாதையில் எதிர்ப்பட்ட எத்தனையோ தடவையில் ஒரு தடவைகூட நான் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை.