குறைந்த விலையில் ஒரு நல்ல சேர்வர்

சின்னக் கடைகளுக்கும் கந்தோர்களுக்கும் சேர்வர் தெரிவுசெய்து பூட்டிக் கொடுப்பது என் தொழில். மலிவாகவும் இருக்க வேண்டும், ஒருநாளும் நிற்கவும் கூடாது என்று கேட்பவர்களிடம்தான் நான் பிழைக்கிறேன். கடையிலுள்ள கணினிகளெல்லாம் தங்கள் கணக்கு வழக்கைக் கொண்டுவந்து போடும் ஒரே பெட்டி அது. அது நின்றால் கடை நிற்கும். கொழும்பில் இதே வேலை செய்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றவர்கள் யாராவது இதை வாசித்தால், நீங்கள் தனியாள் இல்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

குளிர் அறை

கொட்டாஞ்சேனையில் கலியாணங்களுக்குப் பூச்செண்டு கட்டும் கடையொன்று. முதலாளி அன்டன். அவருக்குக் கட்டுப்படியாகும் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பூட்டிவிட்டு, "இதுக்குச் சூடு ஆகாது, குளிரான இடத்தில வைச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்ச நாளில் போன் வந்தது. அடிக்கடி நின்றுபோகிறதாம்.

போய்ப் பார்த்தால் நான் சேர்வரை வைத்த மேசை வெறுமையாக இருந்தது. அன்டன் பெருமையோடு பூ வைக்கும் குளிர் அறையைத் திறந்தார். பூ வாளிகளுக்கு நடுவில், மேலெல்லாம் வியர்த்துக்கொண்டு என் சேர்வர்! கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. மின்கம்பி அதற்குள் கிடந்தது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். அன்டனுக்கு என் பதற்றம் விளங்கவேயில்லை.

"ரோசாப்பூவே ஒரு கிழமைக்கு வாடாம நிக்குது மிஸ், இரும்புப் பெட்டிக்கு என்ன வரப்போகுது?"

முந்தின சொந்தக்காரர்

வெள்ளவத்தையில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சிவநாதன் அண்ணை, நான் சொன்ன விலை கூடவென்று, யாரோ கழித்துவிட்ட பழைய சேர்வர் ஒன்றைத் தானே வாங்கிவிட்டார். பூட்டித் தரமட்டும் என்னைக் கூப்பிட்டார். நல்ல பெட்டிதான். பழுதில்லை. ஆனால் திரை வெளிச்சமானதும் என் கை நின்றுவிட்டது. விற்றவர்கள் உள்ளே இருந்ததை அழிக்கவில்லை. ஏதோ ஒரு பரிசோதனைக்கூடத்தின் இரத்தப் பரிசோதனை முடிவுகள், பெயரோடும் வயதோடும், வரிசையாக வந்தன.

"அண்ணை, இது மற்ற ஆக்களின்ர நோய் வருத்தம். நாங்கள் பார்க்கக்கூடாது" என்று மூடப் போனேன். அதற்குள் அவர் எட்டிப் பார்த்துவிட்டார். பார்த்தவருடைய முகம் வெளிறிப்போனது. திரையில் அவருடைய பெயரே இருந்தது. பக்கத்தில் சீனியின் அளவு, அதுவும் சிவப்பு எழுத்தில்.

அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் திரையை அணைத்தேன். "என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். அண்ணை கோப்பையைத் தொடவில்லை. அவர் கண்முன்னாலேயே எல்லாவற்றையும் அடியோடு அழித்தேன். ஒவ்வொரு பெயரும் அறிமுகமானவர் பெயர்போல எனக்குப் பயம் காட்டியது. கடைசியில் அவர் குனிந்து, மெல்லிய குரலில் கேட்டார்:

"மனிசிக்கே சொல்லாததை, இந்தப் பெட்டிக்கு ஆர் பிள்ளை சொன்னது?"

ஒன்று போதாதா?

வத்தளையில் கலியாணக் கார்ட் அச்சடிக்கும் ஒரு தம்பதி. மனைவி சாந்தி, விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, இரட்டை டிஸ்க் போடுங்கள் என்றார். ஒன்று செத்தாலும் மற்றதில் அதே சாமான் அப்படியே இருக்கும். அதுதான் அதன் புண்ணியம்.

முகூர்த்த மாதத்தில் அழுதுகொண்டு போன் எடுத்தார். சேர்வர் எழும்பவில்லை. ஒன்று செத்திருந்தாலும் மற்ற டிஸ்க் இருக்கிறதுதானே என்று நம்பிக்கையோடு பெட்டியைத் திறந்தேன். மற்ற டிஸ்கின் இடம் ஓட்டையாக இருந்தது! கணவர் தலையைச் சொறிந்தார். இரண்டிலும் ஒன்றுதானே இருக்கிறது, வீண்தானே என்று ஒன்றைக் கழற்றிப்போய், அழித்து, பாட்டு ஏற்றி வைத்திருக்கிறார். மாப்பிள்ளை வீடு, பொம்பிளை வீடு என்று எல்லோருக்கும் போன் செய்து, விபரங்களைத் திரும்பக் கேட்டு, மன்னிப்பும் கேட்டு, ஒருவழியாகக் கார்ட்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனாலும் கணவர், "ஒண்டு போதாதோ எண்டுதானே நினைச்சன்" என்றார். சாந்தி என்னைப் பார்த்தார்.

"இவருக்குக் கிட்னியும் ரெண்டு இருக்குது மிஸ், ஒண்டைக் கழட்டிப் பாப்பமே?"

விசா

பம்பலப்பிட்டியில் பயணப்பெட்டி விற்கும் ராஜன், பெட்டியே வேண்டாம், இணையத்தில் மாத வாடகைக்கு எடுக்கிறேன் என்றார். மலிவும்தான். எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மல்லிகைப்பூவும் சந்தனமும் கொண்டு என்னிடம் வந்து நின்றார். சேர்வரைப் பார்க்க வேண்டுமாம், பொட்டு வைக்க வேண்டுமாம். "அண்ணா, அது இங்க இல்லை, கனடாவில" என்றேன். மனிதர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"எனக்கு ரெண்டு தரம் விசா இல்லையெண்டவன், என்ர கணக்குக்கு மட்டும் எப்பிடிக் குடுத்தான்?"

மலிவான, நம்பகமான சேர்வர் எது என்று இப்போது யாராவது கேட்டால், அதோடு வாழப்போகிற ஆளை முதலில் காட்டுங்கள் என்றுதான் சொல்லுகிறேன்.