லோகு அனுப்பும் மணியார்டர்

"இவரு ரெண்டாவது. மொதோ ஆளோட தம்பி" என்று முத்தாலம்மாள் அறிமுகம் செய்துவைக்கும்போது, மாவு வாங்க வந்த புது ஆளின் கையில் பாத்திரம் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். பக்கத்தில் கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருக்கும் தனசேகர், வெளுத்த முறுக்கு மீசையைத் தடவிவிட்டு, "ஆமாங்க" என்பார். முப்பத்தைந்து வருடமாக அந்த வீட்டில் அவருடைய வசனம் அவ்வளவுதான்.

முடிச்சூரில் அவளிடம் மாவு வாங்காத தெரு குறைவு. பாக்கெட் போடமாட்டாள், கரண்டிக் கணக்குத்தான். "மூஞ்சியப் பாக்காம மாவு விக்கறதா?" யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்பதை வாங்கும் அளவை வைத்தே சொல்லிவிடுவாள். மாவு புளித்துவிட்டதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் கிடையாது. தூக்குவாளியின் மேல் காதை வைத்துக் கேட்பாள். "பொங்குற மாவு பேசும்மா."

மூத்தவர் லோகு பட்டாளத்துச் சிப்பாய். இலங்கையில் சண்டை நடந்தபோது இந்தியப் படையோடு யாழ்ப்பாணம் போய், சாம்பலாகத் திரும்பினார். அவருக்கு அப்போது இருபத்தாறு, அவளுக்கு இருபத்தொன்று. இரண்டு வருடம் கழித்துப் பெரியவர்கள் கூடித் தம்பிக்கே கட்டிவைத்தார்கள். மறுமணம் செய்தால் பென்ஷன் நின்றுவிடும்; இறந்தவரின் தம்பியையே மணந்ததால் விதிப்படி நிற்கவில்லை. மாதாமாதம் வரும் அந்தப் பணத்துக்கு அவள் வைத்த பெயர் 'லோகு மணியார்டர்'. அது வந்தால் வஞ்சிரம் மீன் வாங்குவாள். "உங்கண்ணன் வாங்கிக் குடுக்குறாரு, துன்னு" என்று நடுத்துண்டைத் தனசேகர் தட்டில் வைப்பாள்.

போன வருடம் பழைய பதிவேடுகள் கணினிக்கு மாறியபோது, 'மறுமணம்' என்ற ஒரு சொல்லைப் பார்த்து யாரோ பென்ஷனை நிறுத்திவிட்டார்கள். மணந்தது தம்பியைத்தான் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். தனசேகரின் பள்ளிக்கூடச் சான்றிதழும் பழைய ரேஷன் கார்டும் 2015 வெள்ளத்தோடு போனவை. அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்ட மனுவைப் புரட்டிப் பார்த்தாள் அலுவலர் ஹெப்சி. சின்னப் பெண், ஊருக்குப் புதுசு.

"அப்பா பேரு ஒண்ணா இருக்கறது சரிக்கா. அந்தப் பேருல இங்கயே பத்து பேர் இருப்பாங்க. அண்ணன் தம்பின்னு நான் எத வெச்சு எழுதறது?"

"மூஞ்சியே கீதேம்மா!" முத்தாலம்மாள் பையிலிருந்து லோகுவின் படத்தை எடுத்து வைத்தாள். சீருடை, மழமழவென்ற முகம். ஹெப்சி படத்தையும் தனசேகரையும் மாறிமாறிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"மீசை மறைக்குது. இரு, வரேன்" என்று முத்தாலம்மாள் தனசேகரை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

எதிரிலேயே சலூன். தனசேகர் முதன்முறையாக வசனத்தை மீறினார். "இன்னாம்மே நீ? நீ வாக்கப்பட்டு வரும்போதே இருந்த மீசை இது!"

"யோவ், உங்கண்ணன் உசுரையே குடுத்தாரு. நீ மசுரு குடுக்க மாட்டியா?"

பத்து நிமிடத்தில் மீசையில்லாமல் திரும்பி வந்து நின்றார். மேலுதட்டின் நடுவில் படத்திலிருந்த அதே பள்ளம். இடது ஓரம் சற்றே ஏறிய அதே உதடு. ஹெப்சி எழுந்தேவிட்டாள். "உக்காருங்க அங்கிள்" என்று சிரித்துவிட்டு, சாட்சிகள் இருவரையும் போனில் ஒருமுறை விசாரித்துக்கொண்டு, சான்றை எழுதி முத்திரை குத்தினாள்.

முத்தாலம்மாள் சான்றை மடித்து, படத்தோடு பையில் வைத்தாள். வழியில் டீக்கடையில் இரண்டு டீ வாங்கினாள். இருபத்தாறு வயதோடு நின்றுபோன அந்த உதட்டைக் குவித்து, அறுபது வயதில் ஒருவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"இன்னா அப்டி பாக்குற?" என்றார் தனசேகர்.

அவள் ஆள்காட்டி விரலை நீட்டி, அவர் மூக்குக்குக் கீழே மீசைபோலக் குறுக்காக வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் தன் டீயைக் கையில் எடுத்தாள்.